பழைய வேனும் பியூஸ் பெட்டியும்



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறியாதவர் நம்மில் குறைவு. அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? 1881ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பெருந்தீ பிடித்தது. மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டிய கடைகளும் வீடுகளும் சாம்பலாயின. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அதன் பிறகுதான் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட ஏற்பாடு செய்தார்கள். செங்கல் சூளைகள் இருந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. தீ சுட்ட பிறகு ஊர் பாடம் கற்றது. நாம் சுடுவதற்கு முன்பே ஒரு பாடம் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு. கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் பழைய கோம்பி வேனில் பத்துமலைக்குப் புறப்படுகிறது. பாதி வழியில் முன்விளக்கு அணைகிறது. ஓட்டுகிற தம்பி டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பெட்டியைக் கையால் தட்டுகிறார். விளக்கு எரிகிறது. சிறிது தூரத்தில் மறுபடியும் அணைகிறது. பிறகு அவர் சிகரெட் பெட்டி ஈயத்தாளை பியூஸில் சுற்றி மாட்டுகிறார். விளக்கு பளிச்சென்று எரிகிறது. "கெட்டிக்காரப் பையன்!" என்கிறார் பாட்டி.

நேயர்களே, இது கெட்டிக்காரத்தனமா? இல்லை. வாசலில் நின்ற காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப் போன கதை இது.

பியூஸுக்குத் தமிழில் உருகி என்று பெயர். ஒயரில் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால், உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் பட்டை உருகி அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அது காப்பது பல்பை அல்ல, ஒயரை. ஈயத்தாள் சுற்றினால் உருக வேண்டியது உருகாது. ஒயர் பழுக்கும், அதன் உறை எரியும். கோம்பியில் எஞ்சினும் பேட்டரியும் பின்புறம். பெட்ரோல் குழாயும் அங்கேதான். முன்னால் உள்ள பெட்டிக்கு ஒயர்கள் வண்டியின் நீளம் முழுவதும் ஓடி வருகின்றன. அவற்றின் மேல்தான் நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எவ்வளவு ஆம்பியர் பியூஸ் வேண்டும்? கணக்கு எளிது. பல்பின் வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும். 45 வாட் விளக்கு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 8 ஆம்பியர் பியூஸ் தாராளம். அது அடிக்கடி எரிந்தால் குற்றம் பியூஸில் இல்லை. எங்கோ ஒயர் உரசித் தகரத்தைத் தொடுகிறது. அதைத் தேடுங்கள். பெரிய பியூஸைத் தேடாதீர்கள்.

இன்னொரு செய்தி. பியூஸ் நல்லதாக இருந்தாலும் பெட்டி கெட்டுப்போகும். கோம்பி வேன் 1950இல் ஜெர்மனியில் வெளிவரத் தொடங்கியது. இன்று ஓடுகிற பழைய கோம்பியின் வயது நம் பெரியவர்களின் வயது. நம் நாட்டு ஈரக்காற்றில், மழைநீர் கசிகிற இடத்தில், பியூஸைப் பிடிக்கும் பித்தளை நாக்குகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, பிடியும் தளர்கிறது. பிடி தளர்ந்த இடம் சூடாகும். இப்படிச் சூடாகும்போது மின்சாரம் அளவுக்கு மீறுவதில்லை. ஆகவே பியூஸ் அறுவதில்லை. பெட்டி மட்டும் மெல்ல உருகுகிறது. தட்டினால் எரியும் விளக்கும், தொட்டால் சுடும் பியூஸும், கருகல் வாடையும் இதற்கு அடையாளங்கள்.

களிம்பு மட்டும் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் நாக்குகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். நாக்கு தளர்ந்திருந்தால், பிளாஸ்டிக் உருகியிருந்தால், பெட்டியையே மாற்ற வேண்டும். அதற்கு ஒழுங்கு உண்டு. முதலில் பேட்டரி முனையைக் கழற்றுங்கள். ஒவ்வோர் ஒயருக்கும் எண் எழுதிய துண்டுத்தாள் ஒட்டி, தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்தாலும் நல்லது. பழைய பெட்டியில் சில முனைகள் ஒன்றோடொன்று தகட்டால் இணைந்திருக்கும். அந்த இணைப்புகளைக் குறித்து வைக்காவிட்டால் புதிய பெட்டியில் பாதி விளக்குகள் எரியா. கருகிய ஒயர் முனையை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரிந்த பிறகே புது முனை அழுத்துங்கள். கடைசியில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

புதிய பெட்டி பெரும்பாலும் தட்டையான கத்தி பியூஸுக்கு ஆனது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய உருளை வகையில் மஞ்சள் 5 ஆம்பியர், வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. கத்தி வகையிலோ சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. பழைய மஞ்சளுக்குப் புதிய மஞ்சள் என்று போட்டால் நான்கு மடங்கு ஆகிவிடும்! நிறத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். 8க்கு 7.5, 16க்கு 15 என்று சற்றுக் குறைத்தே போடுங்கள்.

படுக்கையும் அலமாரியும் வைத்து வீடுபோல் அமைத்த வேன்களில் மின்விசிறி, குளிர்பெட்டி என்று பலதும் சேரும். அவற்றை விளக்கின் பியூஸில் கோக்கக் கூடாது. பேட்டரிக்கு அருகே தனி பியூஸ் வைத்துத் தனி ஒயர் இழுக்க வேண்டும்.

வேலை தெரியாவிட்டால் வண்டி ஒயரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதில் வெட்கமில்லை. தாய்மார்களே, வண்டியில் கருகல் வாடை வந்தால் "நிறுத்து" என்று சொல்ல நீங்கள் தயங்க வேண்டாம். சாவியை அணைத்து, முதலில் பிள்ளைகளை இறக்குங்கள். தீ தெரிந்தால் விலகி நின்று 999 எண்ணுக்கு அழையுங்கள். சாமானைப் பிறகு பார்க்கலாம்.

இன்று மாலை உங்கள் வேனின் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஈயத்தாள் ஒன்று மின்னினால், நாளை வரை காத்திராமல் எடுத்தெறியுங்கள்.