சிறுநீரக நோயாளிக்கு எவ்வளவு கறி?

(குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விரிஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் வேலூர் சி.எம்.சி. வந்துவிடும். உயிருடன் இருப்பவரிடமிருந்து சிறுநீரகம் எடுத்து மாற்றி, இந்தியாவில் முதல் வெற்றி கண்டது 1971-ல் அங்கேதான். அவ்வளவு பக்கத்தில் வைத்தியம் இருந்தும், நோயாளியின் தட்டை நம் வீடுகளில் தீர்மானிப்பது அக்கம்பக்கத்துப் பேச்சு.

என் அத்தாவுக்குக் கிரியேட்டினின் 2.4 என்று வந்தது. கறி, முட்டை, பால், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினோம். கஞ்சியும் ரசம் சாதமும்தான். மூன்று மாதத்தில் எட்டு கிலோ இளைத்தார். கிரியேட்டினின் சற்றுக் குறைந்தது என்று நாங்கள் மகிழ்ந்தோம். டாக்டர் மகிழவில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் அதுவும் குறையும், சிறுநீரகம் தேறியதாக ஆகாது என்றார்.

புரதம் செரித்தபின் யூரியா மிஞ்சும். அதைச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டும். புரதம் மிகுந்தால் மிச்சமிருக்கும் வடிகட்டிகள் கூடுதல் அழுத்தத்தில் உழைத்துச் சீக்கிரம் கெடும். ஆகவே டயாலிசிஸுக்கு வராத நோயாளிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடைக்கு 36 முதல் 48 கிராம். எலும்பில்லாத பச்சைக் கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6. சோற்றிலும் சப்பாத்தியிலும்கூட உண்டு. பக்ரீத் அன்று காலையில் ஈரல், மதியம் பிரியாணி, இரவு கபாப் என்றால் கணக்கு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

புரதத்தைக் குறைத்தால் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 840 நோயாளிகளை வைத்து நடத்தி 1994-ல் வெளியிட்ட ஆய்வில் கிடைத்த பலன் சிறியதுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், உப்பு ஆகிய மூன்றையும் விட்டுவிட்டுக் கறியை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. கறியைக் குறைத்தாலும் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உடல் தன் தசையையே எரிக்கும்.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழ். ஒவ்வொரு முறையும் சத்து வெளியேறுவதால் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் தேவை. இது தெரியாமல் பழைய பத்தியத்தையே தொடரும் வீடுகள் உண்டு. தாய்மார்களே, அந்த நோயாளிக்கு முட்டை கொடுக்கப் பயப்படாதீர்கள். அளவை மட்டும் உங்கள் டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தா இப்போது வெள்ளிக்கிழமை இரண்டு துண்டு கறி சாப்பிடுகிறார். ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்ததில்தான் என்மேல் இன்னும் கோபம்.