நள்ளிரவில் நம் பிள்ளைகள் எங்கே?

(கமுந்திங்கில் பெற்றோர்களிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பால் மரம் வெட்டுவோர் வீட்டில் பொழுது புலர்வது சூரியனைப் பார்த்தன்று. வெயில் ஏறுவதற்கு முன் மரத்தைச் சீவினால்தான் பால் நன்றாக இறங்கும். ஆகவே விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பைப் பற்றவைக்கும் தாய், இரவு ஒன்பது மணிக்கெல்லாம் கண்ணயர்ந்து விடுகிறாள். கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தந்தையோ, ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு என்று அலைகிறார். பிள்ளையின் இரவு தொடங்கும் வேளையும் பெற்றோர் அயர்ந்து உறங்கும் வேளையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நான்கு மணிக்கு எழும் தாய், மகனுக்காக விரித்த பாய் கலையாமல் கிடப்பதைக் கண்டு திடுக்கிடுகிறாள். அவன் எங்கே போனான், யாருடன் போனான், யாரைக் கேட்பது என்பது அவளுக்குத் தெரிவதில்லை. அந்தத் தாயை மனத்தில் வைத்துக்கொண்டே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

பிறந்தநாள் விருந்து, தேர்வு முடிந்த விருந்து, புத்தாண்டு விருந்து என்று பதின்ம வயதுப் பிள்ளைகள் இரவு நேரங்களில் கூடிக் களிப்பது இன்று பெருகி வருகிறது. இதனைப் புதுமையான கேடு என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. நம் தோட்டங்களிலும் இரவுக் கொண்டாட்டங்கள் இருந்தன. மாரியம்மன் திருவிழாவும் நாடகமும் விடிய விடிய நடந்தன. திருமணத்திற்கு முதல் நாள் இரவு லயமே உறங்காது. தகவல் இலாகாவின் வாகனம் வந்து திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய இரவுகளில், கைக்குழந்தை முதல் கிழவர் வரை பாய் விரித்து அமர்ந்திருந்தோம்.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அந்தத் திடலில் எந்த மூலையில் ஒரு பையன் நின்றாலும், "நீ இன்னாருடைய மகன் அல்லவா? இங்கே என்ன செய்கிறாய்?" என்று கேட்பதற்குப் பெரியவர் ஒருவர் இருந்தார். பெற்றவர் உறங்கினாலும் அண்டை வீட்டுப் பாட்டி விழித்திருந்தாள். பிள்ளை செய்த தவறு அவன் வீடு வந்து சேருமுன்னரே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றுவது நம் நோக்கமன்று. அதே தோட்டத்தில் கள்ளுக்கடையும் இருந்தது; பல குடும்பங்களின் கூலியை அது விழுங்கியது. எனினும், பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு ஒரு தாயின் தலையில் மட்டும் விழவில்லை. லயம் முழுவதும் அதனைப் பகிர்ந்துகொண்டது.

பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. நம் குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தன. பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்தோம். லயத்தின் கண்களை மட்டும் அங்கேயே விட்டுவந்தோம். பக்கத்து வீட்டாரின் பெயரே அறியாதவர் நம்மில் உண்டு. தோட்டத்திலேயே தங்கியிருப்போர் வீட்டிலும் நிலைமை மாறிவிட்டது. பிள்ளை படிக்கும் இடைநிலைப்பள்ளி பட்டணத்தில் உள்ளது. அவனுடைய நண்பர்கள் வேறு வேறு ஊர்களில் வசிக்கின்றனர். அழைப்போ கைப்பேசியின் வழியே யாருக்கும் கேளாமல் வந்து சேர்கிறது. அழைத்தவன் யார் என்பதே நமக்குத் தெரியாதபோது, கண்காணிப்பது எங்ஙனம்?

இரவு எத்துணைக் கொடியதாக மாறக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், அதிகாலை மூன்று மணிக்குப் பின், ஜொகூர் பாருவில் சாலை நடுவே சைக்கிள்களில் கூடியிருந்த சிறுவர் கூட்டத்தின்மீது கார் ஒன்று மோதியது. எட்டுச் சிறுவர்கள் மாண்டனர். அவர்களின் வயது 13 முதல் 16 வரைதான். வழக்கு பல நீதிமன்றப் படிகளைக் கடந்தது. இறுதியில் 2023ஆம் ஆண்டு காரோட்டியவர் விடுதலை செய்யப்பட்டார். அவர்கள் சென்றது விருந்துக்கன்று என்பது மெய்யே. ஆனால் நண்பர் கூட்டம், நள்ளிரவு, அருகில் பெரியவர் எவரும் இல்லாமை ஆகிய மூன்றும் அங்கே ஒன்று சேர்ந்திருந்தன. இந்த மூன்றும் சேருமிடம் எதுவாயினும் இடர் உண்டு. பிள்ளைகளை இழந்த அந்தப் பெற்றோரைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. அவர்களிலும் பலர் அந்நேரத்தில் நம்மைப் போலவே உறங்கிக்கொண்டிருந்திருப்பர்.

கூட்டத்தில் சேர்ந்தால் பிள்ளை ஏன் மாறிவிடுகிறான்? "என் மகன் தங்கமானவன், சேர்க்கைதான் அவனைக் கெடுத்தது" என்று ஒவ்வொரு தாயும் கூறுகிறாள். அக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. 2005ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். காரோட்டும் விளையாட்டொன்றைப் பல வயதினரிடம் கொடுத்து, தனியாகவும் நண்பர் சூழவும் ஆடச் செய்தனர். நண்பர் அருகிலிருந்தபோது, 13 முதல் 16 வயதுடையோர் தனியே ஆடியவரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு துணிந்து ஆபத்தை ஏற்றனர். முதிர்ந்தவரிடமோ அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. ஆகவே, வீட்டில் நல்லவனாயிருக்கும் பிள்ளை வெளியிலும் அவ்வாறே நடப்பான் என்று நம்பி அமர்ந்துவிடலாகாது. அவன் நம்மை ஏமாற்றுகிறான் என்பது இதன் பொருளன்று. அந்த வயதின் இயல்பு அது.

தூக்கமும் அவ்வாறே. பதின்ம வயதில் உடலின் கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகிறது. சிறு வயதில் எட்டு மணிக்கே உறங்கியவனுக்குப் பதினொரு மணியாகியும் உறக்கம் வருவதில்லை. ஆனால் அவனுக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என மருத்துவர்கள் கூறுகின்றனர். இரண்டு மணிக்கு வீடு திரும்பியவன் காலையில் வகுப்பில் அமர்ந்தாலும் பாடம் அவன் செவியில் ஏறாது. அவனே மோட்டார் சைக்கிளில் திரும்பினால் ஆபத்து இன்னும் கூடுகிறது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை மறந்துவிட வேண்டா.

மதுவையும் போதைப்பொருளையும் பற்றிக் கூறாமல் இருக்க இயலாது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவை அருந்தி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024ஆம் ஆண்டின் கடைசி இரவில், பண்டார் சன்வேயில் நடந்த இசைக் கொண்டாட்டத்திற்குச் சென்ற நால்வர் மாண்டனர். போதை மாத்திரையே காரணம் எனக் காவல்துறை ஐயுற்றது. இவர்கள் வயது வந்தவர்கள். வயது வந்தோரே அறியாமல் வீழ்ந்த குழியில் பதினைந்து வயதுப் பிள்ளை எவ்வாறு தப்புவான்?

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து 21 வயது நிறையாதவருக்கு மது விற்பது குற்றமாகும். 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவருக்குச் சிகரெட்டும் மின்சிகரெட்டும் விற்கக்கூடாது. சட்டம் கடைக்காரரை மட்டும் நோக்கவில்லை, நம்மையும் நோக்குகிறது. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தக்க கண்காணிப்புக்கு வழி செய்யாமல் பிள்ளையை விட்டுச்செல்வது குற்றம் என்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதற்கு 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்தின் கண்ணில் 18 வயது நிறையாதவர் அனைவரும் சிறாரே. மீசை அரும்பிவிட்டது என்பதற்காக நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

அச்சத்தால் மட்டும் எந்தச் சமுதாயமும் திருந்தியதில்லை. ஆகவே வெற்றி பெற்ற ஒரு நாட்டின் கதையையும் கேட்போம். வட அட்லாண்டிக் கடலில் ஐஸ்லாந்து என்னும் சிறு தீவு நாடு உண்டு. அங்கே 1998ஆம் ஆண்டில், 15, 16 வயதுடைய மாணவரில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து மயங்கியதாகக் கூறினர். 2016ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு 5 ஆகச் சுருங்கியது. இது எவ்வாறு நிகழ்ந்தது? 13 முதல் 16 வயதுடையோர் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பின்னும், கோடையில் பன்னிரண்டு மணிக்குப் பின்னும் தனியே வெளியில் திரியலாகாது என விதி செய்தனர். பிள்ளைகளின் விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணத்தைச் செலவிட்டனர். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கூடி, தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டனர். பெரியவர் இல்லாத வீட்டில் விருந்து நடக்க விடமாட்டோம். வயது வராத பிள்ளைக்கு மது வாங்கித் தரமாட்டோம். பிறர் பிள்ளைகளின்மீதும் ஒரு கண் வைத்திருப்போம் என்று ஒப்பமிட்டனர்.

பெரியோர்களே, இது நமக்குப் புதியதா? நம் லயம் ஒப்பமிடாமலேயே செய்து வந்ததைத்தான் அவர்கள் ஒப்பமிட்டுச் செய்தனர். தனித்து நிற்கும் பெற்றோரால் எதையும் கண்காணிக்க முடியாது. ஒருவரையொருவர் அறிந்த பெற்றோரால் முடியும். இன்றைய உரையில் நாம் கூற வந்த கருத்து இதுவே.

இதனைக் கமுந்திங்கிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் நாம் செய்யலாம். நம் பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் ஐவரின் பெற்றோரை இம்மாதத்திற்குள் அறிந்துகொள்வோம். அவர்களின் தொலைபேசி எண்களைச் சுவரிலே எழுதி வைப்போம். விருந்துக்கு அழைப்பு வந்தால் ஐந்து கேள்விகளைக் கேட்போம். யார் வீட்டில்? அங்கே இருக்கும் பெரியவர் யார்? உடன் வருவோர் யார்? எத்தனை மணிக்கு முடியும்? யார் திரும்ப அழைத்து வருவார்? அந்த வீட்டுப் பெரியவருடன் நாமே ஒரு வார்த்தை பேசுவோம். "எல்லாரும் போகிறார்களே, நான் மட்டும் ஏன் போகக்கூடாது?" என்று பிள்ளை கேட்கும்போது, அந்த "எல்லார்" வீட்டுக்கும் தொலைபேசியில் அழைத்தால், அங்கும் அதே கேள்வி எழுந்திருப்பதை அறிவோம்.

நாம் வேலை காரணமாக உறங்க வேண்டியவர்கள்தாம். ஆகையால் பெற்றோர் முறை வைத்துக்கொள்வோம். இந்த வாரம் பகல் ஷிப்டு முடித்த தந்தை நான்கு பிள்ளைகளையும் அழைத்து வரட்டும். அடுத்த முறை மற்றொருவர் செல்லட்டும்.

விருந்தே கூடாது என்று தடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மரம் சீவும் கைகளுக்கு இதன் விடை தெரியும். கத்தி மேலாகப் பட்டால் பால் இறங்காது. அளவுக்கு மீறி ஆழ்ந்தால் மரம் காயப்பட்டுப் புதுப் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிள்ளை வளர்ப்பிலும் அந்த நிதானம் வேண்டும். தடை மட்டுமே அறிந்த பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறது. கேள்வியே அறியாத பிள்ளை தன்னைக் கேட்பார் இல்லையென்று எண்ணிக்கொள்கிறது. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பர். எங்கே போகிறாய் என்று கேட்பவன்தானே தோழன்?

மற்றொன்றையும் மனம் திறந்து கூறுவோம். நம் வீடுகளில் மகளுக்கு ஆறு மணிக்கே கதவை அடைக்கிறோம்; மகனுக்கோ கதவே வைப்பதில்லை. "அவன் ஆம்பளைப் பிள்ளை" என்று விட்டுவிடுகிறோம். ஜொகூர் பாருவில் மாண்ட எண்மரும் ஆண் பிள்ளைகளே என்பதை நினைவிற்கொள்வோம். விதி இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். தந்தைமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பள நாளன்று நாம் போத்தலோடு வீடு திரும்பினால், மது கூடாது என்று நம் வாயால் கூறும் சொல் பிள்ளையின் காதில் ஏறாது.

இறுதியாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் ஒரு வாக்குக் கொடுப்போம். "எங்கே இருந்தாலும், எத்தனை மணியானாலும், உனக்கு அச்சம் தோன்றினால் எங்களை அழை. நாங்கள் வந்து அழைத்துச் செல்வோம். அன்றிரவு ஏசமாட்டோம், விடிந்தபின் பேசுவோம்." இந்த வாக்கைப் பெற்ற பிள்ளை, குடித்துவிட்டு வண்டியோட்டும் நண்பனின் பின்னால் ஏற மாட்டான். நமக்கே வழி தெரியாதபோது, 15999 என்னும் எண்ணில் தாலியான் காசே உதவிச் சேவையை நாடலாம். பள்ளியின் ஆலோசக ஆசிரியரையும் தயங்காமல் சென்று காண்போம்.

லயங்கள் போயின, மீண்டும் வரமாட்டா. ஆனால் அவற்றின் கண்கள் நம்மிடமே உள்ளன. இன்று இக்கூட்டம் கலையுமுன், அருகில் அமர்ந்திருப்பவரின் பெயரையும், அவருடைய பிள்ளைகளின் பெயர்களையும் கேட்டறிந்து செல்லுங்கள். நாளை நள்ளிரவில் உங்கள் மகனைத் தெருவில் காண்பவர் அவராக இருக்கலாம். அவர் வண்டியை நிறுத்தி, "நீ இன்னாருடைய மகன் அல்லவா?" என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி, நான்கு மணிக்கு எழும் ஒரு தாயின் கண்ணீரைத் தடுக்கும்.