எச்சரிக்கை வந்தால் உடனே ‘ஓகே’ கொடுக்காதீர்கள்

(அறக்கட்டளை மூலம் கணினியும் பிரிண்டரும் பெற்ற குடும்பங்களுக்கான கூட்டத்தில், கணினி உதவிப் பிரிவு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. மக்ரிபுக்குள் முடித்துவிடுவோம். வீட்டு வேலைகளைப் போட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மார்களின் நேரத்தை வீணாக்க மாட்டோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது.

நம் அறக்கட்டளை மூலம் கணினியும் பிரிண்டரும் பெற்ற ஒரு லாத்தா, வீட்டுத் திண்ணையிலேயே பிரிண்ட், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவர் வீட்டில் பிரிண்டரை மாட்டிக் கொடுக்கப் போனபோது திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. “இது என்ன தம்பி?” என்று கேட்டார். எங்களுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். “அது எப்பவும் வரும் லாத்தா, ஓகே கொடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

சில மாதங்கள் கழித்துப் பிரிண்டர் நின்றுபோனது. அவர் போனில் தேடியபோது முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். எதிரே பேசியவன் பிரிண்டர் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் என்று சொன்னான். தூரத்திலிருந்து நம் கணினியை இயக்குகிற ஒரு செயலியை இறக்கச் சொன்னான். எச்சரிக்கை வந்தது. “ஏதோ கேக்குதே தம்பி” என்றார் லாத்தா. “அது எப்பவும் வரும், ஓகே கொடுங்க” என்றான் அவன். நாங்கள் சொன்ன அதே வார்த்தை. அவர் கொடுத்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு வைத்திருந்த 18,500 ரூபாய் போய்விட்டது.

மறுநாள் எங்களிடம் வந்து, “நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்” என்றார். எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கூட்டம்.

பிரிண்டர் டிரைவர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். கணினி பேசுகிற மொழி பிரிண்டருக்குப் புரியாது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதுதான் டிரைவர். அதை நிறுவும்போது கணினியின் உள் அறைவரைக்கும் போக அனுமதி கேட்கும். வீட்டுக்கு வருகிற எல்லோரையும் நாம் முன்கூடத்தில் உட்கார வைக்கிறோம். பீரோ இருக்கிற அறைக்கு விடுவதில்லை. டிரைவர் அந்த அறைக்குப் போகிற ஆள். அதனால்தான் விண்டோஸ் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறது.

‘வெறும் பிரிண்டர்தானே, அதில் என்ன ஆபத்து?’ என்று நினைக்கலாம். 2021 ஜூலையில் விண்டோஸில் பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கிற ‘பிரிண்ட் ஸ்பூலர்’ பகுதியில் பெரிய ஓட்டை இருப்பது வெளியே வந்தது. ‘பிரிண்ட் நைட்மேர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதத் தேதிக்குக் காத்திருக்கவில்லை. ஜூலை 6 முதல் அவசரத் திருத்தங்களை வெளியிட்டது. ஆதரவு முடிந்துபோயிருந்த விண்டோஸ் 7க்கும் சேர்த்துக் கொடுத்தது. அதற்கடுத்த ஆகஸ்ட் திருத்தத்திலிருந்து, நெட்வொர்க் வழியாகப் பிரிண்டர் டிரைவர் நிறுவ நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நமக்குத் தொந்தரவாகத் தெரிகிற கேள்விகளில் சில அங்கிருந்து வந்தவை.

இனி இரண்டு சம்பவங்களைச் சேர்த்துச் சொல்கிறோம்.

2020 அக்டோபரில், ஆப்பிள் மேக் கணினியில் ஹெச்பி பிரிண்டர் வைத்திருந்த பலருக்கு, ‘இந்த மென்பொருள் உங்கள் கணினியைக் கெடுத்துவிடும்’ என்று திடீரென எச்சரிக்கை வந்தது. பிரிண்ட் எடுக்க முடியவில்லை. உண்மையில் அங்கே வைரஸ் எதுவும் இல்லை. பழைய டிரைவர்களுக்கான அங்கீகாரச் சான்று தவறுதலாக ரத்தாகிவிட்டது என்று ஹெச்பி நிறுவனமே ஒப்புக்கொண்டது.

2025 மே மாதத்தில் வேறொரு செய்தி. துணியிலும் பொருட்களிலும் படம் அச்சடிக்கிற பிரிண்டர்களை விற்கும் ப்ரோகலர்ட் என்ற நிறுவனத்தின் மென்பொருளை நிறுவப் போனவருக்கு வைரஸ் எச்சரிக்கை வந்தது. ‘அது பொய் எச்சரிக்கை’ என்று நிறுவனம் முதலில் சொன்னது. ஜெர்மனியின் ஜி டேட்டா நிறுவனத்தார் ஆராய்ந்து பார்த்தபோது, அந்த நிறுவனம் தானே தரவிறக்கத்துக்கு வைத்திருந்த கோப்புகளில் நிஜமாகவே தீய நிரல்கள் இருந்தன. பிறகு நிறுவனம் அந்தக் கோப்புகளை எடுத்துவிட்டது.

முதலாவது பொய் எச்சரிக்கை, இரண்டாவது மெய் எச்சரிக்கை. திரையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க நம்மில் யாராலும் முடியாது. விசாரித்துத்தான் பிரிக்க முடியும். நம்பத்தகாதவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கும்படி சூரா அல்-ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. ஊர்ப் பேச்சுக்கு அது பொருந்துவதுபோல, திரையில் வருகிற பேச்சுக்கும் பொருந்தும் என்றே நாங்கள் நினைக்கிறோம்.

எப்படி விசாரிப்பது? உங்கள் வீட்டில் வரக்கூடிய எச்சரிக்கைகளை ஐந்தாகப் பிரித்துச் சொல்கிறோம்.

ஒன்று: போன் நம்பரோடு வருகிற எச்சரிக்கை. ‘உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்’ என்று சத்தம் போடும். இது நூற்றுக்கு நூறு ஏமாற்று வேலை. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. அழைக்காதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். முடியவில்லையென்றால் கணினியை அணைத்துவிடுங்கள்.

இரண்டு: ‘விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் நீலப் பெட்டி. நீங்கள் இறக்கிய கோப்பை விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். ‘மோர் இன்ஃபோ’வை அழுத்தினால் ‘ரன் எனிவே’ என்று ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தவே வேண்டாம். அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். பிரிண்டரை யூஎஸ்பி வயரில் இணைத்து, செட்டிங்ஸ், பிறகு புளூடூத் அண்ட் டிவைசஸ், பிறகு பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், அதில் ‘ஆட் டிவைஸ்’ கொடுங்கள். சமீப வருடங்களில் வந்த பல பிரிண்டர்களுக்கு விண்டோஸிடம் உள்ள பொது டிரைவரே போதும். நிறுவனத்தின் மென்பொருள்தான் வேண்டும் என்றால், பிரிண்டரோடு வந்த அட்டைப் பெட்டியில் அச்சாகியுள்ள முகவரியைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யுங்கள். தேடலில் மேலே வருகிற விளம்பரத்தைத் தொடாதீர்கள்.

மூன்று: ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்கிற பெட்டி. இங்கே ஒரு வரியை வாசித்தால் போதும். ‘வெரிஃபைட் பப்ளிஷர்’ என்று போட்டு உங்கள் பிரிண்டர் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? நீங்களே தொடங்கிய வேலையா? இரண்டுக்கும் ஆம் என்றால் ‘யெஸ்’ கொடுக்கலாம். மஞ்சள் நிறத்தில் ‘அன்நோன்’ என்று இருந்தால், அல்லது நீங்கள் ஒன்றுமே செய்யாமல் தானாக வந்தால், ‘நோ’ கொடுங்கள். ‘நோ’ கொடுத்தால் பிரிண்டர் கெட்டுப்போகாது.

நான்கு: வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைப் பிடித்துவைத்துவிட்டது என்ற அறிவிப்பு. ‘அதை ஐந்து நிமிடம் ஆஃப் செய்துவிட்டு நிறுவு’ என்று யூடியூபில் சொல்வார்கள். ஆஃப் செய்யாதீர்கள். ப்ரோகலர்ட் விஷயத்தை நினைவில் வையுங்கள். அறிவிப்பைப் போனில் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள். ஒரு நாள் பிரிண்ட் எடுக்காமல் இருப்பதால் பெரிய நஷ்டம் வந்துவிடாது.

ஐந்து: ‘இந்தக் கணினியில் ஒரு டிரைவரை ஏற்ற முடியவில்லை’ என்ற அறிவிப்பு. விண்டோஸ் 11ல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு உண்டு. பழைய டிரைவர் அதன் விதிக்கு ஒத்துவரவில்லை என்றால் தடுத்துவிடும். பாதுகாப்பை நிறுத்தினால் அறிவிப்பு போய்விடும் என்பது உண்மைதான். நாய் குரைக்கிறது என்று நாயை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரிதான் அது. மாற்ற வேண்டியது டிரைவரை.

அதற்கு வழி: பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸில் பிரிண்டரைத் தேர்ந்து ‘ரிமூவ்’ கொடுங்கள். ‘இன்ஸ்டால்ட் ஆப்ஸ்’ பட்டியலில் அந்தப் பிரிண்டரின் பெயரில் உள்ள பழைய மென்பொருளை நீக்குங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட் முழுவதும் முடியட்டும். அதன் பிறகு பிரிண்டரை மறுபடி இணையுங்கள். பெரும்பாலான தொல்லைகள் இதிலேயே தீர்ந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. பிரிண்டருக்குள்ளும் ஒரு நிர்வாகக் கடவுச்சொல் உண்டு. 2025 ஜூனில் ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியிட்டது. பிரதர் நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான மாடல்களில், பிரிண்டரின் சீரியல் நம்பர் தெரிந்தால் ஆரம்பக் கடவுச்சொல்லைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம் என்பதுதான் அது. தீர்வு எளிது. ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். எந்தக் கம்பெனி பிரிண்டராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

விண்டோஸ் 10 பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. நாம் கொடுத்த கணினிகளில் பல பழையவை. எதை விண்டோஸ் 11க்கு மாற்ற முடியும், எதற்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது எங்கள் பொறுப்பு. உங்களிடம் இதற்குப் பணம் கேட்க மாட்டோம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஏமாந்துவிட்டோம் என்றால்? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள். அடுத்து 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தகவல் போனால், அதை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதிவு செய்யலாம். வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். அந்த லாத்தா வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு இரவு முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. அந்த இரவுதான் பெரிய நஷ்டம். ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும். நடு ராத்திரியானாலும் எங்களைக் கூப்பிடுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டோம்.

கடைசியாக ஒரு விஷயம். உங்கள் கணினியில் உங்களுடைய கோப்புகள் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவரின் பாஸ்போர்ட் நகல் இருக்கிறது. ஒரு விதவைத் தாயின் ஆதாரும் வங்கிப் புத்தகமும் இருக்கின்றன. நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவை அமானிதம். வேலை முடிந்ததும் அந்தக் கோப்புகளை அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். இந்த அமானிதத்தை நினைத்தால், எச்சரிக்கையை நின்று வாசிக்கிற அரை நிமிடம் பாரமாகத் தெரியாது.

எங்கள் தரப்பில் இனி ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்கிறோம். உங்கள் வீட்டுக்கு வருகிற நம் தம்பிமார்கள், எந்தப் பெட்டியையும் வாசித்து விளக்கிய பிறகுதான் அழுத்துவார்கள். அவசரத்தில் யாராவது “அது எப்பவும் வரும்” என்று சொன்னால், கையைப் பிடித்து நிறுத்துங்கள். “கூட்டத்தில் நீங்கதானே சொன்னீங்க” என்று கேளுங்கள்.

அந்த லாத்தாவின் கணினியைச் சுத்தம் செய்து, டிரைவரைப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிட்டோம். அவருடைய திண்ணையில் மறுபடியும் பிரிண்டர் ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். பள்ளிக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. அதை உதவி என்று நாங்கள் எழுதிவைக்கவில்லை. அது எங்கள் கடன்.

அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பாதுகாக்கும் பக்குவத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.