எழுத்துருவில் சிக்கிய அறிக்கைகள்

(பாரிவாக்கத்தில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ நூலை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். 1869 முதல் 1943 வரை வெளிவந்த தலித் இதழ்களைப் பற்றிய ஆய்வு. படிக்கும்போது பெருமையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். இத்தனை இதழ்கள் நடத்தியிருக்கிறோமே என்று பெருமை. பல இதழ்களுக்குப் பெயர்தான் மிச்சம், ஒரு பிரதிகூட இல்லையே என்று எரிச்சல். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ நமக்குக் கிடைத்ததே, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்தத் தாள்களைக் காத்து வைத்திருந்ததால்தான். அயோத்திதாசர் இறந்தது 1914இல். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வந்தது 1999இல். நடுவில் 85 ஆண்டுகள்.

அந்தக் காகிதங்களைக் கறையான் தின்றது. நம் காலத்து எழுத்துக்கு வேறு கறையான் இருக்கிறது.

நம் இயக்கங்களின் துண்டறிக்கைகள், மனுக்கள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், சிற்றிதழ்ப் பக்கங்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன? யாரோ ஒரு தோழரின் பென் டிரைவில், வேர்டு கோப்புகளாக. பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்தவை. இந்தப் பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் தமிழே கிடையாது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும், பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். மேலவளவு பற்றிய ஓர் அறிக்கை அப்படிக் கிடந்தால், ‘மேலவளவு’ என்று எத்தனை முறை தேடினாலும் அது சிக்காது. தமிழக அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. ஆனாலும் டிடிபி கடைகளில் இன்றும் பாமினி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இந்தக் கோப்புகளை யூனிகோடில், வெறும் உரையாக, மார்க்டவுன் குறிகளோடு மாற்றி வைக்க வேண்டும். மார்க்டவுன் என்றதும் பயப்பட வேண்டாம். தலைப்புக்கு முன்னால் ஒரு #. அழுத்திச் சொல்ல வேண்டிய சொல்லுக்கு இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம். மேற்கோளுக்கு முன்னால் ஒரு >. நமக்குத் தேவையானது பெரும்பாலும் இவ்வளவுதான். 2004இல் ஜான் க்ரூபர் உருவாக்கியது. ஆரன் சுவார்ட்ஸ் அதில் துணைநின்றார். ஆய்வுக் கட்டுரைகளை மொத்தமாகத் தரவிறக்கியதற்காக வழக்கைச் சந்தித்து, 2013இல் 26 வயதில் உயிரை மாய்த்துக்கொண்ட அதே சுவார்ட்ஸ்தான். இந்தக் கோப்பை எந்தக் கருவியிலும் திறக்கலாம். எந்த நிறுவனம் மூடப்பட்டாலும் படிக்கலாம்.

“என்னிடம் கணினி இல்லை” என்பீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். பூந்தமல்லி பிரவுசிங் சென்டரிலும் அதே கதை. பரவாயில்லை, உலாவி ஒன்று போதும்.

யூனிகோடில் இருக்கும் கோப்பு என்றால் வேலை எளிது. கூகுள் டாக்ஸில் திறந்து, கோப்புப் பட்டியலில் ‘டவுன்லோட்’ போனால் 2024 முதல் மார்க்டவுன் என்ற தெரிவும் இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: நம் ஆட்கள் தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கி விட்டுவிடுவார்கள். கருவிக்கு அது தலைப்பு என்று தெரியாது. முதலில் அதைத் தேர்ந்தெடுத்து ‘ஹெடிங்’ என்று குறித்துவிட்டு இறக்குங்கள். படங்கள் இருந்தால் கோப்பின் அடியில் புரியாத எழுத்துகள் பக்கம் பக்கமாக வரும். அது படம்தான், கோப்பு கெட்டுவிடவில்லை.

பாமினிக் கோப்பு என்றால் வரிசை மாறக் கூடாது. முதலில் எழுத்துருவை மாற்ற வேண்டும், பிறகுதான் குறிகள். ஏனென்றால் பாமினியில் > என்பது காற்புள்ளி, நட்சத்திரம் என்பது ‘ஷ’. குறிகளை முதலில் போட்டுவிட்டு மாற்றினால் மேற்கோளெல்லாம் காற்புள்ளியோடு தொடங்கும். சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் உலாவியிலேயே வேலை செய்கின்றன. உரையை நகலெடுத்து ஒட்டுங்கள், எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், வந்ததை நோட்பேடில் போட்டுக் குறிகளைக் கையால் இடுங்கள். பழைய விண்டோசில் சேமிக்கும்போது ‘என்கோடிங்’ என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

பிறகு மெய்ப்புப் பார்க்க வேண்டும், தப்பிக்க முடியாது. பாமினிக் கோப்பின் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிவிடும். எஃப்ஐஆர் என்று ஆங்கிலத்தில் தட்டியிருந்தால் ‘குஐசு’ என்று வந்து நிற்கும். சிரிப்பு வரும். ஆனால் வன்கொடுமை வழக்கு பற்றிய அறிக்கையில் சட்டப்பிரிவும் நீதிமன்றத்தின் பெயரும் இப்படிக் குஐசு ஆனால், பத்து வருடம் கழித்து அதைப் படிப்பவருக்கு எதுவும் மிஞ்சாது.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் கோப்புகள் எல்லாமே துண்டறிக்கை இல்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் இருக்கும், சாட்சி சொன்னவரின் தெரு இருக்கும். “இலவசமாக மாற்றித் தருகிறோம்” என்று சொல்லும் ஏதோ ஒரு தளத்தில் இதை ஏற்றினால், அது யாருடைய கணினிக்குப் போகிறது? ஊரில் சாட்சியை மிரட்ட ஆள் தேடுபவனுக்கு அந்த ஒரு வரி போதும். அப்படிப்பட்ட கோப்பைக் கூகுள் உட்பட எங்கும் ஏற்றாதீர்கள். பிரவுசிங் சென்டரில் திறக்கவே திறக்காதீர்கள்.

அதற்கும் வழி இருக்கிறது. புதிய வகை வேர்டு கோப்பு, டாக்எக்ஸ் என்று முடிவது, உண்மையில் ஒரு சிப் பொட்டலம். பெயரின் கடைசியில் சிப் என்று மாற்றிப் பிரித்தால் உரை தனியாக ஒரு கோப்பில் கிடக்கும். பக்கத்திலேயே இன்னொரு கோப்பில் எழுதியவர் பெயரும் கடைசியாகத் திருத்தியவர் பெயரும் இருக்கும். பெயர் போடாமல் அறிக்கை வெளியிட்டு, வேர்டு கோப்பையே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வெறும் உரைக்கோப்பில் இந்த ஒட்டுண்ணி கிடையாது. பாண்டாக் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு உலாவிக்குள்ளேயே இயங்கும் வடிவமும் உண்டு. எந்த மாற்றியானாலும் ஒரு சோதனை செய்யலாம்: பக்கத்தைத் திறந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஏதாவது ஒரு வெற்றுக் கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். மாற்றித் தந்தால் வேலை உங்கள் கருவியிலேயே நடக்கிறது. தராவிட்டால் அந்தத் தளம் வேண்டாம். உண்மையான கோப்பையும் துண்டித்த நிலையிலேயே மாற்றி, சேமித்து, சாளரத்தை மூடிவிட்டுத்தான் இணையத்தைத் திரும்ப இணைக்க வேண்டும்.

பென் டிரைவ் கொண்டுவந்திருக்கும் தோழர்கள் கோப்புகளை இப்போதே இரண்டாகப் பிரியுங்கள்: ஆட்களின் பெயர் உள்ளவை தனி, இல்லாதவை தனி. இல்லாதவற்றில் பாமினிக் கோப்புகளை முதலில் எடுப்போம்.