திருவிழா மேடையில் பள்ளிப் பிள்ளைகளின் நாடகம்

(ஆண்டுத் திருவிழாவை முன்னிட்டு ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பெரும்பாலும் கூப்பிடு தூரத்திலேயே அமைந்திருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்ததேயன்றி மேடையைத் தரவில்லை. பல தோட்டங்களில் பள்ளி என்பதே ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். ஆகவே மாணவர் நாடகம் என்றால் அது திருவிழா இரவில், கோயில் திடலில், காலிப் பீப்பாய்களை நிறுத்திப் பலகை பரப்பிய மேடையில்தான் நடந்தேறியது.

அந்த மேடையின் ஏற்பாடுகளை மூத்தவர்கள் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வர். தாய்மார்களின் சேலைகளே திரைச்சீலை. மகுடம் அட்டையில் வெட்டி மினுக்குத் தாள் ஒட்டியது. முனிவருக்குப் பஞ்சுத் தாடி. மாலையில் பெரட்டுக் களத்திலோ ஆயாக் கொட்டகையின் ஓரத்திலோ ஒத்திகை நடக்கும். பால்வெட்டு முடித்து, வாளியைக் கழுவி வைத்துவிட்டு வரும் பெற்றோர், தம் பிள்ளை எந்த வேடம் கட்டுகிறான் என்று எட்டிப் பார்த்துச் செல்வர்.

வேடப் பங்கீட்டில் நியாயமற்றவையும் நடந்ததுண்டு. கிராணியார் வீட்டுப் பிள்ளைக்கு அரசன் வேடமும், மரம் சீவுபவரின் பிள்ளைக்கு வெட்டியான் வேடமும் கேளாமலேயே ஒதுக்கப்பட்ட இடங்கள் இருந்தன. அரிச்சந்திரன் கதையில் அரசனே வெட்டியானுக்கு அடிமையாகிச் சுடுகாடு காக்கிறான் என்பதை அப்படிப் பங்கிட்டவர்கள் கவனிக்கவில்லை போலும். நல்லாசிரியர் சிலர் இதனை அறிந்தே மாற்றிக் கொடுத்தனர். லயத்துப் பிள்ளை ஒருவன் அட்டை மகுடம் சூடி நிற்க, தோட்டத்துப் பெரியவர்கள் எதிரே அமர்ந்து அவன் பேச்சை முடியும் வரையில் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு அதற்கு முன் அப்படியொரு நாள் வாய்த்திருக்க இயலாது.

பெண் பிள்ளைகளை மேடையேற்ற நெடுங்காலம் பெற்றோர் இசையவில்லை. சந்திரமதியாகவும் சாவித்திரியாகவும் பையன்களே சேலை கட்டினர். மறுநாள் பள்ளியில் அவர்களைக் கேலி செய்யாதோர் குறைவு. ஆயினும் மயான காண்டத்தில் லோகிதாசனை மடியில் கிடத்திப் புலம்பிய பையனைப் பார்த்து முந்தானையால் கண் துடைத்த தாய்மார்கள், அவனைக் கேலி செய்யவில்லை.

1952ஆம் ஆண்டில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்த பிறகு, புராணக் கதைகளோடு சமூக நாடகங்களும் தோட்ட மேடைகளில் ஏறின. கள்ளின் கேடு அவற்றில் அடிக்கடி வந்த பொருள். பத்து வயதுப் பையன் தலைப்பாகை அவிழத் தள்ளாடி வந்து, மனைவியின் கூலிப் பணத்தைப் பறிக்கும் தந்தையாக நடிப்பான். திடல் சிரிப்பால் அதிரும். கள்ளுக்கடையிலிருந்து நேரே வந்து பின்வரிசையில் நின்ற சிலர் மட்டும் சிரிக்கமாட்டார்கள். தந்தையிடம் வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைப் பிள்ளை ஊரறியச் சொல்ல முடிந்தது, அது வேடம் என்பதனால்.

இதற்கெல்லாம் மூத்த மரபு தமிழ்நாட்டுப் பாலர் நாடக சபைகளில் உள்ளது. 1867இல் பிறந்து 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் அவ்வை தி. க. சண்முகம் என்று புகழ்பெற்றவர் அந்தச் சபையில் சேர்ந்தபோது ஆறு வயதுப் பாலகர். அவருக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் அறிந்த செய்தி. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மனப்பாடம் வரும், எவன் குரல் எந்த இடத்தில் உடையும் என்று அளந்து எழுதிய அந்த ஆசானின் வழியைத்தான், விடிய விடிய நடக்கும் அரிச்சந்திர புராணத்தைப் பிள்ளைகளுக்காக முக்கால் மணி நேரமாகச் சுருக்கிய தோட்டத்து ஆசிரியர்களும் பின்பற்றினர். ஒரு வேறுபாடு உண்டு. சபைச் சிறுவர்கள் வீட்டையும் பள்ளியையும் விட்டு ஊர் ஊராய்ச் சென்றனர். நாடகமே அவர்களின் பிழைப்பு. தோட்டத்துப் பிள்ளையோ அரிதாரத்தைக் கழுவிவிட்டு அன்றிரவே தாயின் அருகில் படுத்துறங்கினான்.

நாடகத்தைக் காணும் பிள்ளையும் மாறாமலிருப்பதில்லை. காந்தியடிகள் சிறுவராயிருந்தபோது தந்தையின் அனுமதி பெற்று அரிச்சந்திர நாடகம் பார்த்ததையும், பின்னர் மனத்துக்குள் எண்ணற்ற முறை அதனைத் தாமே நடித்துப் பார்த்ததையும் 'சத்திய சோதனை'யில் எழுதியுள்ளார்.

மேடையேறிய பிள்ளைகளின் அனுபவங்களில் முதன்மையானது அச்சம். வசனம் மறந்து, கூட்டத்தைப் பார்த்தபடி உறைந்து நிற்கும் அந்தச் சில நொடிகளை முதுமையிலும் மறக்காதோர் உளர். அந்நேரம் உடன் நடிப்பவன் சமயோசிதமாக, "அரசே, தாங்கள் சொல்ல வந்தது இதுதானே?" என்று எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றுவான். நண்பனின் பிழையைக் கூட்டம் அறியாமல் தாங்கிக்கொள்ளும் இந்தப் பழக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை. திரை மறைவில் தாளோடு அமர்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவனோ அனைவரின் பாடத்தையும் அறிந்தவன். அவன் முகத்தை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை. திரை இழுப்பவனும் அவ்வாறே. நடிக்கத் தெரியாதவன் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கும் நாடகத்தில் ஒரு வேலை இருந்தது.

இந்தப் பயிற்சியின் பயன் இடைநிலைப் பள்ளியில் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பிற்குச் சென்ற தோட்டத்துப் பிள்ளைகள், மலாய் மொழியில் கேள்வி கேட்கப்பட்டால் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றனர் என்பது ஆசிரியர்கள் பலரும் கண்ட காட்சி. நானூறு பேர் முன்னிலையில் ஒருமுறை பேசிய பிள்ளைக்கு நாற்பது பேர் கொண்ட வகுப்பில் எழுந்து நிற்பது அவ்வளவு பெரிய மலையாகத் தோன்றாது.

இனி இன்றைய நிலை. 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியது இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அங்கு ஊன்றிய செம்பனை பின்னாளில் தோட்டந்தோறும் ரப்பரின் இடத்தைப் பிடித்தது. அதன்பின் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின, மக்கள் ஈஜோக், புக்கிட் ரோத்தான், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை முதலிய இடங்களின் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். நாடு விடுதலை பெற்ற 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் உள்ளன. கோயில்கள் பலவும் கான்கிரீட் மண்டபமும் நிரந்தர மேடையும் பெற்றுவிட்டன. மேடை வளர்ந்த காலத்தில் நாடகம் தேய்ந்தது.

இன்றைய திருவிழா மேடையில் பிள்ளைகள் வராமலில்லை. திரைப்படப் பாடல் ஒலிக்க, வாடகை உடையில் அழகாக ஆடுகின்றனர். அதில் குற்றம் காண்பதற்கில்லை. அவர்களின் உழைப்பும் உழைப்பே. ஆனால் ஒலிபெருக்கியில் கேட்கும் குரல் வேறொருவருடையது. பிள்ளையின் சொந்தத் தமிழ்க் குரல் அம்பாளின் சந்நிதியில் ஒரு வாக்கியமேனும் ஒலிக்காமலேயே பத்து நாள் திருவிழா நிறைவெய்துகிறது. உபயம் செய்தவர்களின் பெயர்களை வாசிப்பதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியேனும் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்றால் அன்பர்கள் கோபிக்க வேண்டாம்.

தேர்வைக் காரணம் காட்டிய காலமும் முடிந்தது. 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஆட்டிப்படைத்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. ஆசிரியர்களுக்கு வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவுகளின் சுமை கூடியிருப்பது உண்மையே. ஆயினும் ஒத்திகையை அவர்கள் மட்டுமே நடத்த வேண்டுமென்பதில்லை. பழைய மேடைகளில் சந்திரமதியாகவும் நாரதராகவும் வேடம் கட்டியவர்கள் பேரப்பிள்ளைகளோடு இவ்வட்டாரத்திலேயே வாழ்கின்றனர்; பாட்டும் வசனமும் அவர்களில் பலருக்கு இன்னும் தலைகீழ்ப் பாடம்.

மெய்யான இடையூறு போக்குவரத்தே. லயத்துப் பிள்ளைகள் ஒத்திகைக்கு நடந்தே வந்தனர். இன்று பிள்ளைகள் பல தாமான்களில் சிதறி வாழ்கின்றனர். மாலையில் கொண்டுவந்து விட்டு இரவில் அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். தாயும் தந்தையும் இரவு வேலைக்குப் போகும் வீடுகளில் அதற்கு வழியில்லை. அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கே மேடை மிகவும் தேவை. எனவே நிர்வாகக் குழுவினர் முன் வைக்கப்படும் விண்ணப்பம் சிறியது. வரும் திருவிழாவில் ஓர் இரவு, மாலைப் பூசைக்கும் சுவாமி புறப்பாட்டுக்கும் இடையே நாற்பது நிமிடம் பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கு ஒதுக்க வேண்டும். அதற்கு முந்திய இரு மாதங்களில், வெள்ளிக்கிழமைப் பூசைக்கு எப்படியும் குடும்பத்தோடு வருவோர் வழியில் உள்ள பிள்ளைகளையும் தம் வண்டியில் ஏற்றி வரலாம். ஒத்திகைக்கு மண்டபத்தின் பின்கூடம் போதும். பிள்ளைகள் பசியோடு வருவர். அன்று மடைப்பள்ளியில் கூடுதலாக ஒரு படி அரிசி உலையிலிட வேண்டும்.