நேற்றைய பேஸ்ட்ரியே நல்லது

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலையில் பல வீடுகளில் அடுப்படியில் பரபரப்பே இருக்காது. இனிப்பான காலைப் பலகாரம் ஒன்றை முதல் நாள் ராத்திரியே தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்கள். காலையில் ஓவனில் வைப்பதுதான் பாக்கி.

அதற்கு முக்கியமானது குரோசான்ட். வெண்ணெயை அடுக்கடுக்காக மடித்துச் சுட்ட பேஸ்ட்ரி அது. அதைப் பிய்த்து ஒரு தட்டில் பரப்புவார்கள். நடுநடுவே ஆப்பிள் துண்டுகள், புளூபெர்ரிப் பழங்கள். முட்டை, பால், சர்க்கரை, கொஞ்சம் பட்டைத்தூள் எல்லாவற்றையும் அடித்து மேலே ஊற்றுவார்கள்.

இங்கேதான் ஒரு தகவல். குரோசான்ட் புதிதாக இருக்கக் கூடாது. நேற்றையதாக இருக்க வேண்டும். புதியதில் ஈரம் இருக்கும். பாலை ஊற்றினால் குழைந்து கூழாகிவிடும். நேற்றையது காய்ந்திருக்கும். ரஸ்க் டீயை உறிஞ்சுகிற மாதிரி, பாலை உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். அடுக்கும் கலையாது. நேற்றையது கைவசம் இல்லையா? புதியதையே ஓவனில் கொஞ்ச நேரம் வைத்துக் காயவிடுங்கள். போதும்.

பழத்திலும் கவனம் வேண்டும். பச்சை அன்னாசி வேண்டாம், கிவியும் வேண்டாம். இரண்டிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பாலோடு கிடந்தால் பால் கசந்துவிடும். அன்னாசிதான் வேண்டுமென்றால் வேகவைத்துச் சேருங்கள். வெந்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

காலையில் ஓவனில் சுடும்போது, மேலே பொன்னிறம் வந்ததும் வெளியே எடுங்கள். நடுப்பகுதி லேசாகத் தளும்பும். பயப்படாதீர்கள். ஒரு பத்து நிமிஷம் அப்படியே விடுங்கள். உள்சூட்டிலேயே இறுகிவிடும். பிறகு வெட்டிப் பரிமாறலாம்.