மலைநாட்டு ஒளிப்படக் கலை

நுவரெலியாவுக்குத் தெற்கே, ஹோட்டன் சமவெளியில் வாழும் மலைத் தேவாங்கு, 1939 முதல் 2002 வரை எவர் கண்ணிலும் படாமையால் அற்றுப்போயிற்றென்றே கருதப்பட்டது. 2010இல் வெளியான ஒளிப்படங்களே அதன் உருவை உலகுக்குக் காட்டின. காடுகள் பலவும் தேயிலைத் தோட்டங்களாகிவிட்ட மலைநாட்டில், பொழுதுபோக்காக நாம் எடுக்கும் படமும் இத்தகைய சான்றாகலாம்.

மூடுபனியின் வெண்மையைக் கமரா சாம்பல் நிறமாக்கிவிடும். ஆதலின் ஒளியளவை ஒரு படி கூட்டுக. அசையாத செடிகொடிகளைக் கமராவை முக்காலியில் நிறுத்தி ஆறுதலாக எடுக்கலாம். பறக்கும் குருவிக்கோ 1/1000 வினாடி வேண்டும். கூட்டை நெருங்கற்க, தாய்ப்பறவை வெருண்டு குஞ்சுகளைக் கைவிடவுங்கூடும்.

எடுத்த படத்தோடு திகதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். அவ்வொரு வரியே அழகிய படத்தை ஆவணமாக்கும்.